அடுக்கி வைத்த விறகு

“இப்பக் கேக்குதா?”

“கேக்குதுண்ணே. ஆனா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.”

“எனக்கு நீ நல்லாத்தான் கேக்குற. சரி, வாசல்ல நிக்காத. உள்ள வந்து கதவ அடை. ஓநாய் ரெண்டு மேட்டுப்பக்கமாச் சுத்துது.”

“ஓநாய்க்கு என்னையப் பாத்தா அம்புட்டு எளக்காரமா?”

“முந்தாநாள் உன் காலக் கடிச்சு இழுத்துட்டுப் போச்சே, மறந்துட்டியா? மொதல்ல அடுப்புல கட்டையப் போடு.”

லிடியா ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையிலிருந்த மரக் குடிலின் கதவு சாத்திக்கொண்டது. பனிக்காற்றின் ஊளை சட்டென்று தணிந்தது. இரண்டு கட்டைகளை எடுத்து அடுப்பில் போட்டதும் மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறி ஆடியது. அடுப்புக்கு அந்தப் பக்கம் கம்பளித் தொப்பி போட்ட உருவம் ஒன்று கோடரியை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தது. அதுதான் அவள் அண்ணன் ரொனால்டு.

நிஜத்தில் அவன் எந்த ஊரில், எந்த அறையில் உட்கார்ந்து பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் இருந்தது திண்டுக்கல்லில், அவர்கள் வீட்டு முன்னறையில். பொழுது சாய்ந்தும் சுவரின் சூடு ஆறாத சித்திரை மாதம். மின்விசிறி அனலைத்தான் சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. லிடியா பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்து வந்து படிப்பாள். அவற்றில் எங்கு பார்த்தாலும் பனி பெய்யும். குதிரைகள் மூச்சு விட்டால் புகையாகும். கைகளை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு மனிதர்கள் நெடுந்தூரம் நடந்துபோய் ஒரு கதவைத் தட்டுவார்கள். இந்த விளையாட்டுக்குள் வந்த பிறகு அந்தக் கதவுகளில் ஒன்று தனக்கும் திறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

அம்மாவும் அப்பாவும் மாலைப் பூசைக்குக் கோயிலுக்குக் கிளம்பியதும் அவள் கம்ப்யூட்டரைப் போடுவாள். அம்மா திரும்புவதற்குள் அணைத்துவிடுவாள். அந்த இடைவெளிதான் அண்ணனும் தங்கையும் சேர்ந்திருக்கும் நேரம். முதல் நாளே ரொனால்டு சொல்லிவிட்டான்: “இங்க வீட்டுப் பேச்சு எடுக்கக் கூடாது. நான் வர்றதும் வீட்டுக்குத் தெரியக் கூடாது. மீறினா அப்புறம் வர மாட்டேன்.” அவளும் மீறியதில்லை. விறகு, ஓநாய், மீன் பிடிக்கும் பனிக்குளம். வேறு பேச்சே கிடையாது.

இன்றைக்கு அவன் இன்னொரு கட்டையை எடுத்து அடுப்பில் போட்டான். அது வெடித்துப் பற்றியது. பிறகு, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல,

“லிடியா… அம்மா எப்படி இருக்கு?”

அவள் விரல் பொத்தானின் மேலேயே நின்றுவிட்டது. சொல்ல வேண்டியவை எல்லாம் ஒரே சமயத்தில் வாசலுக்கு ஓடிவந்து நெரித்துக்கொண்டன.

“அம்மாவா? அம்மா…”

காதுக்குள் தகரத்தைக் கல்லில் தேய்ப்பது போன்ற ஒரு கீச்சல். அண்ணனின் உருவம் அப்படியே உறைந்தது. அடுப்பு வெளிச்சம் ஆடாமல் நின்றது. மறுகணம் திரை முழுக்க நீலமானது. வெள்ளை எழுத்துகள் இரண்டு வரி வந்து போயின. பிறகு இருட்டு.

*

அந்தப் பக்கம் இருப்பவனுக்கு என்ன தெரியும்? அம்மாவைப் பற்றிக் கேட்டான். தங்கை எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான் தெரியும். அதுதான் லிடியாவை அரித்தது.

ரொனால்டு பிறப்பதற்கு முன்பே ஆண்டவருக்கென்று நேர்ந்துவிடப்பட்டவன். வயிற்றில் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, மூன்றாவது தங்கினால் அதைச் சாமியாராக அனுப்புகிறேன் என்று அம்மா ஆனந்தமேரி பொருத்தனை வைத்திருந்தாள். பிள்ளை தங்கியது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சாமியார் படிப்புக்காகக் குருமடத்துக்குப் போனான். குருப்பட்டம் கையெட்டும் தூரத்தில் வந்தபோது, ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா ராயப்பராஜ், வந்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. ரொனால்டு தன் நண்பன் இஷாக்கோடு சேர்ந்து, அங்கே இங்கே கிடைத்த பழைய பாகங்களைக் கோத்து இந்தக் கம்ப்யூட்டரை உருவாக்கினான். பிறகு இந்தப் பனிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவான். தன் பிள்ளையை ஏதோ ஒன்று இந்தப் பெட்டிக்குள் பிடித்து வைத்திருக்கிறது என்று அம்மா நம்பத் தொடங்கினாள்.

அவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை சொல்லுவார்கள். பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதிகளில் முதலாவதை அப்பா சொல்லுவார், இரண்டாவதை அம்மா, மூன்றாவதை ரொனால்டு, நான்காவதை லிடியா. கடைசிப் பத்தை எல்லாரும் சேர்ந்து. அவன் குருமடத்தில் இருந்த காலமெல்லாம் மூன்றாவதை அம்மாதான் அவனுக்காகச் சொல்லிவந்தாள். திரும்பி வந்த பிறகு, தாழ்ந்த குரலில் அவனே சொன்னான்.

ஒரு நாள் மாலை, அம்மா இரண்டாவதை முடித்து, ரொனால்டு வாயைத் திறக்கும்போது, அப்பா மூன்றாவதைத் தொடங்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பத்து மணியையும் தானே சொல்லி முடித்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரொனால்டும் விரலால் மணிகளை உருட்டிக்கொண்டே வந்து கடைசியில் ஆமென் சொன்னான். சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். காலையில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவனைக் காணவில்லை. அவனுடைய கைப்பேசி எண்ணும் அன்றோடு செத்துப்போனது.

சில மாதம் கழித்து, சும்மா இருக்கிறதே என்று லிடியா அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பனி விளையாட்டைத் திறந்தபோது, ஓரத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதற்கு அடையாளமாக, பச்சைப் புள்ளி எரிந்தது. இருட்டில் தொலைதூரத்து வீட்டு விளக்கைப் பார்த்தவள்போல அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நீலத் திரைக்குப் பிறகு கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றது. ஆனால் ஒலி இல்லை. இணையமும் இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஒலிக் கருவிக்கும் இணையக் கருவிக்கும் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அந்தக் கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் காணவில்லை என்று எழுதியிருந்தது.

அண்ணன் பெட்டியைக் கோத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் லிடியா பயப்படவில்லை. கைப்பேசியில் டிரைவர்களை இறக்கி, பென்டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரில் நிறுவினாள். முக்கோணம் மறைந்தது. காதில் ஒலி வந்தது. ஆண்டவரே என்று பனி விளையாட்டைத் திறந்தாள். குடிலின் கூரை தெரிந்ததும் திரை நீலமானது.

மறுநாள் டிரைவரின் பழைய பதிப்பைப் போட்டாள். ராம் பட்டைகளைக் கழற்றி, தங்கநிற முனைகளை ரப்பரால் துடைத்து மாட்டினாள். ஓ.எஸ்.ஸையே அழித்துப் புதிதாக ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் செத்த நேரம் ஓடும். சரியாகிவிட்டது என்று நெஞ்சு இளகும் நேரம் பார்த்து விழும்.

கைப்பேசியிலிருந்து, விளையாட்டின் கணக்கு வழியாக அண்ணனுக்கு எழுதியும் போட்டாள். ‘சிஸ்டம் படுத்துருச்சுண்ணே. நான் கட் பண்ணல.’ அது படிக்கப்படாமலே கிடந்தது. குருமடத்து நண்பர்கள் ஏன் வெளியேறினாய், ஏன் வெளியேறினாய் என்று எழுதிக் குவித்த நாளிலிருந்து அவன் எழுத்துச் செய்தி எதையும் திறப்பதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டரில் கேட்டுப் பார்த்தாள். அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் விண்ணப்பம் போட மட்டுமே தெம்புள்ளவை.

ஒவ்வொரு நாளும் அம்மா கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் அவளுக்கு அந்தக் குடில் நினைவுக்கு வரும். அடுப்பு அணைந்திருக்கும். அண்ணன் வருவானா? வந்து, ஆளில்லாத இடத்தைப் பார்த்துவிட்டுப் போவானா? இல்லை, கேட்டதே தப்பு என்று வராமலே இருந்துவிடுவானா?

“அந்தப் பொட்டி செத்துப்போச்சா?” என்று அம்மா ஒரு மாலை கேட்டாள். செபமாலை முடிந்து, வழக்கம்போல் மந்திரித்த தண்ணீரை வீட்டில் தெளித்துக்கொண்டு வந்தவள் மேசைக்கு முன்னால் நின்றாள். வேளாங்கண்ணி மாதாவின் உருவத்திலிருந்த பிளாஸ்டிக் பாட்டில். மாதாவின் நீலக் கிரீடம்தான் மூடி.

“சாகலம்மா. சுகமில்ல.”

“செத்தாச் சாகட்டும் விடு. நல்லதுக்குன்னு நெனச்சுக்க.”

லிடியா தலையைக் குனிந்து தண்ணீரை வாங்கிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஷாக் வந்தான். பேகம்பூரில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தான்.

“சார் இருக்காரா?”

“அப்பா கோயில் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருக்காக. வாங்கண்ணே.”

“அப்பத் தெம்பா வரலாம். அஞ்சாப்புல வாய்ப்பாடு ஒப்பிக்காததுக்கு வாங்கினது இன்னும் முதுகுல இருக்கு.” உள்ளே வந்து கம்ப்யூட்டரைத் தடவிக் கொடுத்தான். “என்னடா மாப்ள, ஒன்னைய விட்டுட்டுப் போயிட்டானா?”

லிடியா செய்ததையெல்லாம் சொன்னாள். அவன் தாடியைச் சொறிந்துகொண்டே கேட்டான். பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து உற்றுப் பார்த்தான்.

“முக்கோணம் இருந்துச்சுன்னு சொன்ன?”

“ஆமா, இங்கதான்…” என்று விரலை வைத்தவள் நிறுத்தினாள். முக்கோணம் இல்லை. அது சரியானதால் அல்ல. ஒலிக் கருவி, இணையக் கருவி என்ற பெயர்களே அங்கு இல்லை. அப்படி இரண்டு பொருள்கள் இந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததே கிடையாது என்பதுபோல.

“டிரைவர் இல்லேன்னா பேரு இருக்கும், முக்கோணம் இருக்கும்” என்றான் இஷாக். “பேரே இல்லேன்னா ஆளே இல்லேன்னு அர்த்தம். நீ இம்புட்டு நாளும் ஆளில்லாத வீட்டுக்கு லெட்டர் போட்டுக்கிட்டு இருந்திருக்க. தொறக்கணும்.”

மின்கம்பியைப் பிடுங்கினார்கள். லிடியா திருகுகளைக் கழற்றினாள். திருப்புளியை நீட்டிக்கொண்டே இஷாக் மெதுவாகக் கேட்டான்.

“அவன் இதுல வாரானா?”

அவள் நிமிராமல் தலையசைத்தாள்.

“என்னையப் பத்தி ஏதும் கேட்டானா?”

“வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாண்ணே.”

“நான் எப்ப ஒங்க வீடானேன்?” என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “பரவால்ல. அப்பிடி நெனச்சிருந்தா நல்லதுதான்.”

பக்கவாட்டு மூடி கழன்றது. லிடியா கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தாள். தூசிதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். தூசி இருந்தது. ஆனால் கேபினெட்டின் மேல்புறத்தில் சூடு வெளியேற வைத்திருக்கும் கம்பி வலையிலிருந்து ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்கிக் காய்ந்த தடம் தெரிந்தது. தடம் முடியும் இடத்தில், போர்டின் ஓரத்தில், ஒலிக்கும் இணையத்துக்குமான சின்னச் சில்லுகள் மேல் வெள்ளையும் பச்சையுமாக ஒரு பொருக்கு ஏறியிருந்தது. கொஞ்சம் தள்ளி, கிராபிக்ஸ் கார்டு செருகும் பள்ளத்திலும் அதே வெள்ளை.

“பல்லி மூத்திரமாண்ணே?”

இஷாக் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். “பல்லி இம்புட்டு மொறையாப் பெய்யாது. எங்க அத்தா வச்சிருந்த தோல் மண்டியில கதவுக் கீலு, தராசுக் கொக்கி எல்லாம் இப்பிடித்தான் பூத்துப்போய்க் கெடக்கும். தோலுக்கு உப்புத் தடவித்தானே அடுக்குவாக.” விரலால் பொருக்கைச் சுரண்டிப் பார்த்தான். “இது உப்பு மாதிரி இருக்கே லிடியா. திண்டுக்கல்லுக்கு எப்பக் கடல் வந்துச்சு?”

அவள் வலையின் மேல் விரலை வைத்து இழுத்து, நாக்கு நுனியில் தொட்டாள்.

கரித்தது.

கரிப்பு நாக்கிலிருந்து இறங்குவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. தெருமுனையில் செபஸ்தியார் சிலை வைத்த கெபியில் சனங்கள் காணிக்கையாக உப்பும் மிளகும் கொட்டுவார்கள். சாமியார் மந்திரித்த அந்த உப்பில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்து வந்து, அம்மா மாதா பாட்டிலில் போட்டுக் குலுக்குவதை லிடியா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். செபம் முடிந்ததும் நிலைக்கு, பீரோவுக்கு, கட்டிலுக்கு ஒரு தெளிப்பு. இந்தக் கேபினெட்டுக்கு மட்டும், சிலுவை போட்டபடி, மேல் வலையில் கூடுதலாக. ஈரமான பெட்டியின் முன் நின்று லிடியாவே தன் நெற்றியில் பட்ட தண்ணீரைத் துடைத்திருக்கிறாள்.

“என்ன, மூஞ்சி மாறிப்போச்சு?” என்றான் இஷாக்.

*

அம்மா அடுப்படியில் இரவுச் சோற்றுக்கு வெஞ்சனமாகக் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். லிடியா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தெளிக்காதே என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் அந்தப் பெட்டி செத்தால் உனக்கென்ன என்று அம்மா கேட்பாள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொன்னால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் நாளைக்கும் பாட்டில் திறக்கும்.

அவன்தானே முதலில் வாக்கை உடைத்தான், என்று அவளுக்குத் தோன்றியது. அவன்தானே அம்மாவைக் கேட்டான்.

“அம்மா, கம்ப்யூட்டர் மேல இனிமே மந்திரிச்ச தண்ணி தெளிக்காதீக.”

“ஏன்?”

“உப்பு உள்ள எறங்கி அரிச்சுப்போச்சு. அதான் ஓட மாட்டேங்குது.”

கத்தி நிற்கவில்லை. “அரிக்கட்டும். அதுக்குத்தான் தெளிச்சேன். அதுக்குள்ள இருந்தது எதுவோ, அது போகட்டும்னுதான் தெளிச்சேன். எம்புள்ளயப் புடிச்சு வச்சிருந்துச்சுல்ல?”

“அதுக்குள்ள இருந்தது அண்ணந்தாம்மா.”

கத்தி நின்றது.

“தெனமும் நீங்க கோயிலுக்குப் போனப்புறம் அவன் அதுல வாரான். ரெண்டு பேரும் பேசுவோம். எங்க இருக்கான்னு சொல்ல மாட்டான். வீட்டப் பத்திப் பேசவும் கூடாது. ஆனா கடைசியா வந்தப்ப, அம்மா எப்படி இருக்குன்னு கேட்டான். நான் சொல்றதுக்குள்ள நின்னுபோச்சு.”

ஆனந்தமேரி கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அழுவாள் என்று லிடியா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. கண்கள் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து திரும்பி வருவதுபோல இருந்தன.

“அவன் இல்லாம போனப்புறமும் தெளிச்சேனே. திரும்பி அதுக்குள்ளதான் வந்தானா?”

“ஆமாம்மா.”

“நான் எம்புள்ள மேலயா தெளிச்சுக்கிட்டு இருந்தேன்?”

அம்மா எழுந்து முன்னறைக்கு வந்தாள். குடல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். இஷாக் கையில் திருப்புளியோடு எழுந்து நின்றான்.

“இது தேறுமா இஷாக்கு?”

“சவுண்டும் இன்டர்நெட்டும் போர்டுல போயிருச்சும்மா. அத அப்பிடியே விட்டுட்டு, யுஎஸ்பி-ல வேற மாட்டிக்கலாம். மத்த எடத்தத் தொடச்சுப் பாக்கணும். கடையில ஸ்பிரிட் இருக்கு, எடுத்துட்டு வாரேன்.”

“போய்ட்டு வா. நான் வெளக்கப் புடிக்கிறேன்.”

அவன் ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும், யுஎஸ்பி-யில் செருகும் ஹெட்போனும், கட்டைவிரல் நீளத்தில் ஒரு வைஃபை துண்டும் கொண்டுவந்தான். கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கி, பள்ளத்தில் பூத்திருந்த வெள்ளையை லிடியா பிரஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். அம்மா குனிந்து டார்ச் பிடித்திருந்தாள். ஒரு தடவை மட்டும், “அந்தா, அந்த மூலையில கொஞ்சம் இருக்கு பாரு” என்றாள். பிறகு படுக்கையறையிலிருந்து மேசை மின்விசிறியைத் தூக்கிவந்து, பெட்டியின் முன் வைத்து, அது காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததும், செத்துப்போன இரண்டு சில்லுகளையும் கம்ப்யூட்டர் இனித் தேடி விழாதபடி லிடியா அதன் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைத்தாள். புதிய இரண்டுக்கும் டிரைவர் போட்டாள். நீலத் திரை வரவில்லை. செத்த நேரம் பார்த்தார்கள். இன்னும் செத்த நேரம் பார்த்தார்கள். வரவில்லை.

“சார் வர்றதுக்குள்ள நான் கெளம்புறேன்” என்று இஷாக் செருப்பைத் தேடினான். வாசலில் திரும்பி நின்று, “அவன் வந்தா…” என்றான். பிறகு, “ஒண்ணுமில்ல” என்று படியிறங்கிப் போனான்.

*

“இன்னைக்குச் செபமால முன்னாடியே சொல்லிருவோம்” என்றாள் அம்மா, அப்பா கூட்டத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே. ஏன் என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மூவரும் முழந்தாளிட்டார்கள்.

அப்பா முதல் பத்தைச் சொன்னார். அம்மா இரண்டாவதைச் சொன்னாள். அது முடிந்தது.

மூன்றாவதை யாரும் தொடங்கவில்லை.

ரொனால்டு போனதிலிருந்து அதைச் சொல்லிவந்தது அம்மாதான். அப்பா காத்திருந்தார். தொண்டையைச் செருமினார். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அவள் மாதா சுரூபத்தைப் பார்த்தபடி, உதடு அசையாமல், விரலால் மட்டும் மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

“மூணாவது?” என்றார்.

“அது அவனோடதுங்க. அவன் சொல்லட்டும். இல்லேன்னா அப்பிடியே இருக்கட்டும்.”

அப்பாவின் காதில் ரொனால்டைப் பற்றி ஒரு சொல் விழுந்தது அவன் போன பிறகு அதுதான் முதல் தடவை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் விரல் பத்து மணியையும் கடந்து நிற்கும்வரை அந்த அறையில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதன் பிறகு லிடியா நான்காவதைத் தொடங்கினாள். அவளுக்கே கேட்காத குரலில்.

முடிந்ததும் அம்மா மாதா பாட்டிலை எடுத்தாள். நிலைக்குத் தெளித்தாள். பீரோவுக்குத் தெளித்தாள். கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் வந்து நீல மூடியைத் திருகி மூடிவிட்டு, பாட்டிலைச் சுரூபத்தின் காலடியில் வைத்தாள். அப்பா நாளிதழை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

“போடுத்தா” என்றாள் அம்மா.

லிடியா ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட்டைத் திறந்தாள். பனிமேடு வந்தது. கூரை வந்தது. முன்பு விழுந்த இடம் அதுதான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. பனிக்காற்று காதில் அடித்தது. இந்தத் தடவை கிணற்றுக்குள்ளிருந்து இல்லை, பக்கத்திலிருந்தே.

அந்தப் பனியுலகம் ஆளில்லாதபோதும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பது. குடிலின் கதவைத் திறந்தவள் உள்ளே போக வழியில்லாமல் நின்றாள். சுவர் நெடுக, தரையிலிருந்து கூரை வரை, விறகு. ஒழுங்காகப் பிளந்து, முனை பிசகாமல், வரிசை வரிசையாக அடுக்கி வைத்த விறகு. மேசையிருந்த இடத்திலும் விறகு. இரண்டு பேர் ஒரு குளிர்காலம் முழுக்க எரித்தாலும் தீராது. நாள் தவறாமல் வந்து, காத்திருந்து, கைக்கு வேறு வேலை இல்லாமல் வெட்டியிருக்கிறான்.

விறகுக்கு நடுவே விட்டிருந்த சின்ன இடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கம்பளித் தொப்பி போட்ட உருவம் எழுந்து நின்றது.

“லிடியா?”

“அண்ணே. சிஸ்டம் செத்துப்போச்சுண்ணே. நான் கட் பண்ணல. சத்தியமாக் கட் பண்ணல.”

அவன் கோடரியை விறகின் மேல் சாய்த்தான். “நான் கேட்டது புடிக்காம போயிட்டியோன்னு நெனச்சேன். கேட்டிருக்கக் கூடாதுன்னு…”

“அண்ணே, அம்மா இங்க இருக்கு.”

கம்பளித் தொப்பி கதவுப் பக்கம் திரும்பியது.

“பக்கத்துலதான் நிக்கிது. நான் சொல்லிட்டேன். திட்டணும்னா என்னையத் திட்டு. ஆனா போயிராதண்ணே.”

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. உருவம் அசையவில்லை. லிடியா ஹெட்போனைக் கழற்றி, செபத்துக்குப் போட்ட முக்காடு இன்னும் கலையாத அம்மாவின் தலையில் மாட்டினாள். மைக்கை வாய்க்கு நேராக இழுத்துவிட்டாள். இனி அண்ணன் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

ஆனந்தமேரி நாற்காலியின் நுனியில், கோயில் பெஞ்சில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். பனியை, நெருப்பை, அடுக்கியிருந்த விறகை, அதன் நடுவே கம்பளித் தொப்பியோடு நிற்பவனை. முகம் வேறு யாருடையதோ. ஆனால் ஒரு தோளைக் கொஞ்சம் தாழ்த்தி அவன் நின்ற விதத்தில் எதையோ கண்டுகொண்டவள்போல அவள் கழுத்து முன்னால் நீண்டது. கையைத் தூக்கி, விசைப்பலகையில் ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டாள். திரையில் பார்வை கிறுகிறுவென்று திரும்பி விறகுச் சுவரில் போய் முட்டிக்கொண்டது. பயந்து கையை எடுத்தாள். லிடியா உதவிக்குக் குனிந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வராந்தாவில் நாளிதழைப் புரட்டும் ஓசை நின்றிருந்தது.

“ரொனால்டு” என்றாள். அவ்வளவு நாளும் வாய்க்குள்ளேயே இருந்து காய்ந்துபோன பெயர் கரகரத்துக்கொண்டு வந்தது. “நான் அம்மாப்பா. எங்க இருக்கன்னு கேக்க மாட்டேன். எப்ப வருவன்னும் கேக்க மாட்டேன்.”

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்குள்ள எப்படி நடக்குறதுன்னு தெரியல, அப்பு. முட்டிக்கிட்டு நிக்கிறேன். எனக்கு நடக்கச் சொல்லித் தாறியா?”